அனிகட்டுக்குத் தமிழ் இல்லையாம்

இன்று கனகராயன்குளத்தில் எங்கள் கமக்காரர் அமைப்பின் கூட்டம். மழைக்கு முன் அணைக்கட்டைத் திருத்தாவிட்டால் எங்கள் வயல்களில் காலபோக நெல் விதைப்பு இல்லை.

நிதி ஒதுக்கக் கொழும்பிலிருந்து வந்த ஆலோசகர், திருத்த வேலைக்கு நாங்கள் எழுதிய விண்ணப்பத்தைத் திருப்பித் தந்தார்.

"அணைக்கட்டு எண்டு எழுதினால் எடுபடாது. அனிகட் எண்டு எழுதுங்கோ. அது இங்கிலீஷ் சொல், தமிழில அதுக்குச் சொல் இல்லை."

தலைவி சரசக்கா தன் போனில் ஆங்கில அகராதியைத் திறந்து நீட்டினார். "இதை ஒருக்கா வாசியுங்கோ."

அனிகட் என்ற சொல்லின் மூலம் தமிழ் 'அணைக்கட்டு' என்றிருந்தது.

"வெள்ளைக்காரனுக்கு வாயில வரேல்லை, அனிகட் எண்டான். உங்கட வாய்க்கு என்ன நடந்தது, தம்பி?"

அவர் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக் கையெழுத்து வைத்தார்.

மதியச் சாப்பாட்டில், ஆங்கிலத்துக்கு 'curry' ஆகப் போன நம் கறியை மட்டும் மூலம் விசாரிக்காமல் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். உங்கள் ஊருக்கும் இப்படி யாரும் வந்தார்களா?