எதிர்வீட்டு வாளி

எனக்குப் பொறாமை. மறைப்பானேன்? அதுவும் எதிர்வீட்டு மாமியின் குப்பை வாளி மேல்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருக் குப்பையை அள்ளும் வேலையை மாநகராட்சி ஒரு கம்பெனியிடம் விட்டிருந்தது. தினமும் காலையில் ஒரு பெண் பேட்டரி வண்டியில் வந்து, விசில் ஊதி, வாசலில் இருக்கும் வாளியைக் கொட்டிக்கொண்டு போவாள். மார்கழி பிறந்ததும் நான் கோலம் போட்டுவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பிவிடுவேன். திரும்பி வந்தால் மாமியின் வாளி காலியாகக் கவிழ்ந்திருக்கும். என் வாளி கேட்டுக்குப் பக்கத்தில் வழிந்துகொண்டிருக்கும். தொடர்ந்து ஐந்து நாள்! வயிறு பற்றி எரிந்தது. ஏற்கெனவே போகிறவர் வருகிறவரெல்லாம் மாமியின் கோலத்தைத்தான் போட்டோ எடுக்கிறார்கள். நானும் விடாமல் சுவருக்குச் சுவர் இழுத்துப் போட்டுப் பார்த்தேன். ஒருத்தரும் நிற்கவில்லை. குப்பையிலுமா மாமிக்கு முதல் தீர்த்தம்?

கம்பெனியின் புகார் எண்ணைக் கூப்பிட்டேன். "எங்க வீட்டுக்கு வர்றதே இல்லீங்க. எதிர்வீட்டுல அந்தப் பொண்ணு ஏதோ காசு வாங்கிக்குது போல" என்று சேர்த்துச் சொன்னேன். அப்படி எதையும் நான் பார்த்ததில்லை.

மறுநாளே 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று செல்போனில் செய்தி வந்தது. நான் கோயிலுக்குக் கிளம்பும் முன்பே புதிதாக ஒருத்தி வந்தாள். என் கோலத்தின் மேலேயே வண்டியை ஏற்றி வாளியைக் கொட்டினாள். அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் மாமி தெருவைத் தாண்டி வந்தார்.

"தெரியுமோ, பழையவளை வேலைய விட்டே நிறுத்திட்டாளாம். யாரோ கம்ப்ளெயின்ட் பண்ணினாளாம். என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்கலையாம்."

"எங்காத்து வாளிய அவ எடுக்கவே இல்லையே, மாமி?"

"எப்படி எடுப்பா? முதல் நாள் கோலத்துல சக்கரம் பட்டுதுன்னு கத்தினேளாமே. வாசல் முழுக்க அடைச்சுப் போட்டா, மிதிக்காம எப்படி வருவா? நான் ஓரமா ஒரு அடி விட்டுடுவேன்."

மார்கழி முதல் நாள் கோயிலுக்குக் கிளம்பும்போது கத்தியது ஞாபகம் வந்தது. 'கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?' என்று கேட்டிருந்தேன்.

மறுபடி கம்பெனியைக் கூப்பிட்டேன். "நான் சொன்னது தப்புங்க. புகாரை வாபஸ் வாங்கிக்கறேன்."

"அது முடிஞ்சிடுச்சு மேடம். கார்ப்பரேஷன்ல கேளுங்க."

வார்டு ஆபீசுக்குப் போனேன். "ஆளுங்க கம்பெனி ஆளுங்கம்மா. நாங்க எப்படிக் கேக்க முடியும்?" என்றார்கள். என் பொய்க்கு ஒரே நாளில் ஓடிவந்தவர்கள், உண்மையைக் காதில் வாங்க ஆள் இல்லை என்றார்கள். கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்துக் கோயிலிலிருந்து திரும்பும்போது அந்தப் பழைய பெண் மாமி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "உறையூர்ல வீட்டு வேலை கிடைச்சிருக்குங்கம்மா. போயிட்டு வரேன்." நான்தான் புகார் செய்தேன் என்று சொல்ல வாய் திறந்தேன். சொல்லாமல், குனிந்து என் காலி வாளியை நிமிர்த்தி வைத்தேன். அந்த நேரத்திலும், மாமியிடம் மட்டும் சொல்லிக்கொண்டாளே என்று எனக்கு எரிந்தது.

அன்று நானும் கோலத்தின் ஓரத்தில் ஓர் அடி இடம் விட்டிருந்தேன். அவள் தெருவின் அந்தப் பக்கமாகவே நடந்து போனாள்.