வலது கைக்கு வந்த வாக்குத்தத்தம்

புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் ஒரு தட்டு வரும். பார்க்காமல் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுக்க வேண்டும். அதிலிருக்கும் வசனம்தான் அந்த வருடம் முழுக்க ஆண்டவர் நமக்குச் சொல்வது. நான் படிக்காமலே நீட்டும் அட்டையையும் வாங்கி, பின்னால் பெயர் எழுதி அவரவர் வேதாகமத்தில் ஒட்டுவது என் மனைவியின் இலாகா. ஸ்கூட்டரும் அவள் இலாகாதான். நான் இருபத்தைந்து வருடமாகப் பின்சீட்டு.

பத்தொன்பது வயதில் சைக்கிளோடு சாக்கடையில் விழுந்தவன் நான். என்னைப் படைக்கும்போது பேலன்ஸ் வைக்க மறந்துவிட்டார்கள் என்று அன்றே முடிவுகட்டினேன். பெங்களூர் போக்குவரத்தும் அதை மறுக்கவில்லை.

அந்த ஜனவரியில் அவள் படியில் சறுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். பரீட்சை நெருங்குகிறது, ஒரு வாரத்துக்கு மேல் லீவு போடமாட்டேன் என்றாள். எங்கள் லிங்கராஜபுரத்தில் காலையில் எந்த ஆட்டோவும் நம் திசையில் போவதில்லை. ஸ்கூட்டர் என்னைப் பார்த்தது.

நான் என் வேதாகமத்தைத் திறந்து, அதில் ஒட்டியிருந்த அட்டையைப் படித்தேன். பயப்படாதே, உன் வலது கையைப் பிடித்திருக்கிறேன் என்கிற பொருளில் வசனம். ஆக்ஸிலரேட்டர் எந்தக் கையில் இருக்கிறது? எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அன்றிலிருந்து வேதம் முழுக்க எனக்குள்ளேயே நடக்க ஆரம்பித்துவிட்டது. ஆண்டவர் தருவதாகச் சொன்ன கானான் நாட்டை வேவு பார்க்கப் போனவர்கள், அங்கே இராட்சதர்கள் இருக்கிறார்கள், எங்கள் கண்ணுக்கே நாங்கள் வெட்டுக்கிளிகள் போலிருந்தோம் என்று வந்து அழுகிறார்கள். எந்த இராட்சதனும் அவர்களை அப்படிச் சொல்லவில்லையே! தாங்களே வெட்டுக்கிளியாகி, அந்த நம்பிக்கைக்குள்ளேயே நாற்பது வருடம் அலைந்தார்கள். என் வனாந்தரம் ஒரு பின்சீட்டு, அவ்வளவுதான்.

ஒரு வாரம் சபை மைதானத்தில் ஓட்டிப் பழகி, எல்எல்ஆர் எடுத்து, வெட்டுக்கிளி மேம்பாலம் ஏறியது. பக்கத்தில் வந்த ஆட்டோக்காரர், "இன்னா சார், மேடம் நடந்தே போயிருந்தா இந்நேரம் ரெண்டு பாடம் எடுத்திருப்பாங்க" என்றார். மனைவி கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். மணி அடிக்கும் முன்பே பள்ளிக்கூட வாசலில் நின்றோம். சந்தோஷத்தில் இறங்கிக் குதிக்காததற்குக் காரணம், வண்டியை எப்படி ஸ்டாண்டு போடுவது என்று தெரியாததுதான்.

அவள் கை குணமான பிறகும் நானே ஓட்டினேன். ஆகஸ்ட் மழையில் பையிலிருந்த என் வேதாகமம் நனைந்து, வாக்குத்தத்த அட்டை உரிந்து வந்தது. பின்னால் அவள் பெயர். வலது கை உடைந்தவளின் பெயர்! அவளுடைய வேதாகமத்தில் என் பெயர் போட்ட அட்டை இருந்தது.

"மாத்தி ஒட்டியிருக்க."

"பிப்ரவரிலயே பாத்துட்டேன். சொன்னா நீங்க மேம்பாலத்துலயே வண்டிய போட்டுட்டு இறங்கிடுவீங்க."

"அப்ப என்னோடது?"

"சும்மா இருங்க, கர்த்தர் பாத்துக்குவார்னு வருது. அதத்தானே நான் பின்னாடி உக்காந்து செஞ்சிட்டிருக்கேன்."

மறுநாள் காலை சாவியை அவளிடம் நீட்டினேன். வாங்கவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்சீட்டுப் பக்கமாகப் போய் நின்றாள்.

"மணி எட்டு இருபது. எடுங்க."

எடுத்தேன்.