காலடியில் போட்ட இரண்டு

ஒன்பதாவது படிக்கும் என் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேதியியல் புத்தகத்தோடு என்னிடம் வந்தாள். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்தால் தண்ணீர். இடது பக்கம் ஆக்சிஜன் அணு இரண்டு. வலது பக்கம் H₂O-வில் ஒன்றுதான். சமன் செய்ய வேண்டும்.

எனக்குச் சாஃப்ட்வேர் வேலை. கணக்கு இடித்தால், இடிக்கிற இடத்தில் ஒரு எண்ணைத் தட்டி, மேனேஜர் பார்ப்பதற்குள் சரிக்கட்டிவிடுவேன். அதே பழக்கத்தில் O-வின் காலடியில் குட்டியாக ஒரு இரண்டைப் போட்டேன். H₂O₂.

"டேலி ஆயிடுச்சு பாரு."

"இல்லப்பா, முன்னாடிதான் நம்பர் போடணும்னு மிஸ் சொன்னாங்க. கீழ கை வைக்கக் கூடாதாம்."

"எனக்கே பாடம் நடத்துறியா? எஞ்சினியரிங் படிச்சவன்டி நான்!"

நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால். அவள் அப்படியே எழுதிக்கொண்டாள். அந்த வாரமே அதில் டெஸ்ட் இருந்தது. எப்படி எழுதினாய் என்றுகூட நான் கேட்கவில்லை.

டெஸ்ட் முடிந்த சில நாளில், விவேக் நகரில் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்த ரோட்டில் சைக்கிளோடு விழுந்து, முழங்காலைக் கிழித்துக்கொண்டு வந்தாள். புண் கழுவ மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த மருந்தை ஊற்றினேன். காயத்தில் வெள்ளையாக நுரை பொங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று சிரித்தாள்.

"அப்பா, இதுதான் அன்னைக்கு நீங்க செஞ்ச தண்ணி."

பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். ஹைட்ரஜன் பெராக்சைடு.

"கீழ இருக்கற நம்பரை மாத்தினா பொருளே மாறிடும்ப்பா. தண்ணி தண்ணியாவே இருக்கணும்னா முன்னாடிதான் போடணும். ரெண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன், ரெண்டு தண்ணி."

"அப்ப டெஸ்ட்ல?"

"நீங்க சொன்னதத்தான் எழுதினேன். இதக் குடிப்பியான்னு மிஸ் கேட்டாங்க. கிளாஸே சிரிச்சுது."

"தெரிஞ்சுக்கிட்டே ஏம்மா தப்பா எழுதின?"

காலை ஊதிக்கொண்டே சொன்னாள். "மிஸ் திட்டினா அந்த பீரியடோட போயிடும்ப்பா. நீங்க கத்தினா வீட்ல யாரும் சாப்பிட மாட்டோம்."

கையில் பஞ்சை வைத்துக்கொண்டு கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, இன்றுவரை கேட்கவில்லை. முழங்கால் ஆறிவிட்டது. இப்போது சந்தேகம் வந்தால் அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தோழிக்குப் போன் செய்கிறாள். ஹாலில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.