சுவரில் காது வைக்கிறவர்

சுட்டுவிரலை உயர்த்திவிட்டார். இனி அந்த வீட்டில் யாரும் மூச்சுக்கூட விடக்கூடாது. மின்விசிறியை நிறுத்த வேண்டும், குழந்தை கையிலிருக்கும் கிலுகிலுப்பையைப் பிடுங்க வேண்டும், தும்மல் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓட வேண்டும். அவரோ ஒரு முழ நீளக் கம்பியின் முனையைச் சுவரில் ஊன்றி, மறுமுனையில் இருக்கும் மரக்குமிழைக் காதோடு ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். பார்த்தால் நின்றபடியே தூங்குகிறாரோ என்று தோன்றும். சுவருக்குள் எங்கோ கசியும் தண்ணீரைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

பிளம்பர். அடுக்குமாடிப் பிள்ளைகள் 'காது மாமா' என்று கூப்பிடப் போய், பெரியவர்களுக்கும் அதுவே பேராகிவிட்டது. கேட்டு முடித்ததும் காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்துச் சுவரில் ஒரு பெருக்கல் குறி போடுவார். "இந்த ஒரு கல்லை மட்டும் எடுங்க, போதும்." எடுத்தால் ஈரம் அங்கேதான் இருக்கும். "உடைச்சுப் பார்க்காம எப்படிங்க அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?" என்று யாராவது வாய்தவறிக் கேட்டுவிட்டால் தொலைந்தது. "உடைச்சுப் பார்க்கத்தான் சுத்தியல் இருக்கே, நான் எதுக்கு?" என்று பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய்விடுவார். கெஞ்சித்தான் திரும்ப அழைத்து வர வேண்டும்.

வீடு இரண்டே அறை. கூடத்தில் மனைவியின் தையல் மெஷின். திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறார் அந்த அம்மா. தைத்தவை, தைக்கப் போகிறவை என்று எங்கு பார்த்தாலும் துணி தொங்குவதால் வெளிச்சம் அந்த வீட்டுக்குள் ஒருநாள் நீலமாக வரும், மறுநாள் மஞ்சளாக வரும். "ஊர்ச் சுவரெல்லாம் இவருக்குக் கேக்கும். கட்டினவ கத்தினா மட்டும் விழாது" என்பது அவர் வழக்கமாகச் சொல்லும் குறை.

இப்போது மனிதருக்குத் தம் இதயத்தைப் பற்றி ஒரு பயம். அதற்குக் காரணம் இருக்கிறது. கூடவே வேலை செய்துவந்த டைல்ஸ்காரர், எந்நேரமும் சிரிப்பும் கும்மாளமுமாக இருந்தவர், ஒரு குளியலறையில் கல் பதித்துக்கொண்டிருக்கும்போதே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். எழுந்திருக்கவே இல்லை. அடுத்த அறையில் சுவரில் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவர் நம் ஆள். தண்ணீர் கசிவது கேட்டதே, அந்த நெஞ்சு நின்றது கேட்கவில்லையே என்ற எண்ணம் அவரை விடவே இல்லை.

பயந்துபோய் மருத்துவரிடம் ஓடினார். டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தார், ஈசிஜி எடுத்தார். "இதயம் நல்லா இருக்கு. பிரஷர்தான் கொஞ்சம் கூட. தினம் இந்த மாத்திரையைப் போடுங்க, நிறுத்தாதீங்க" என்றார். வேறொருவர் என்றால் நிம்மதியாக வீடு திரும்பியிருப்பார். இவர் பிளம்பர் ஆயிற்றே! பிரஷர் கூடினால் என்ன அர்த்தம்? முன்னால் எங்கோ அடைப்பு. "அடைப்பை அப்படியே விட்டுட்டு பிரஷரை மட்டும் குறைச்சா எப்படி? நான் அப்படி வேலை பார்த்தா எவனாவது என்னை வீட்டுக்குள்ள விடுவானா?" என்று மனைவியிடம் பொரிந்து தள்ளினார்.

"நீங்க வீடில்லைங்க, மனுஷன்" என்றார் அந்த அம்மா, ஊசியில் நூலைக் கோத்தபடி.

இந்த நேரம் பார்த்துத்தானா கைபேசி விளம்பரத்தில் அந்த வெள்ளைக் கோட்டுக்காரன் வர வேண்டும்! 'உங்கள் இதயத்துக்குப் போகும் குழாய் இந்த நிமிடமே எண்பது சதவீதம் அடைத்திருக்கலாம். மருத்துவர்கள் உங்களிடம் இதைச் சொல்லமாட்டார்கள். வீடியோவைப் பாதியில் மூடிவிடாதீர்கள்.' மூடுவாரா? சிவப்புக் குழாயும் அதற்குள் மஞ்சள் சேறும் திரையில் ஓடின. ஊரில் மற்றவர்களுக்கு அது வெறும் படம். இவர் அந்தச் சேற்றைக் கையால் வழித்துப் போட்டவர். "பாவி, சரியாத்தான் காட்டுறான். வளைவு மட்டும் தப்பா வரைஞ்சிருக்கான்" என்றார். கோட்டுக்காரன் விற்ற சொட்டு மருந்து பார்சலில் வந்து இறங்கியது. 'கல்லையும் கரைக்கும்' என்று பாட்டிலிலேயே போட்டிருந்தது. டாக்டரம்மா கொடுத்த மாத்திரை அட்டை ஃபிரிட்ஜ் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது.

மதியம் சோபாவில் சாய்ந்து கோட்டுக்காரனைக் கேட்டபடியே கண்ணயர்வார். ஒரே கனவு திரும்பத் திரும்ப வருகிறதாம். கட்டைவிரல் அளவுக்குச் சிறுத்துப்போய், நெற்றியில் விளக்கோடு, தம்முடைய குழாய்களுக்குள்ளேயே நடந்து போகிறார். கணுக்கால்வரை வெதுவெதுப்பான நீரோட்டம். சுவர்கள் மெல்ல விரிகின்றன, மெல்லச் சுருங்குகின்றன. தூரத்தில் டக டகவென்று ஒரு சத்தம். அதை நோக்கித்தான் போகிறார். ஆனால் வளைவுக்கு வளைவு யாராவது ஒரு வீட்டுக்காரம்மா வழிமறித்து, "எங்க சிங்க்கை முதல்ல பாருங்க" என்கிறாள். விழித்துப் பார்த்தால் கூடமெங்கும் நீல வெளிச்சம், மெஷின் டக டகவென்று ஓடிக்கொண்டிருக்கும். எந்தப் பக்கம் கனவு என்று தெரியாமல் சற்று நேரம் அப்படியே கிடப்பார்.

தம் நெஞ்சைத் தாமே கேட்டுப் பார்க்கவும் முயன்றார். கம்பியை நெஞ்சில் ஊன்றினால் குமிழ் காதைத் தாண்டிப் போகிறது. கம்பி வளையாது, கழுத்து எட்டாது. ஊர்ச் சுவரெல்லாம் கேட்கிற மனிதரால் தம்முடையதைக் கேட்க முடியவில்லை. "நீ ஒரு தடவை கேட்டுச் சொல்லேன்" என்று மனைவியிடம் கம்பியை நீட்டினார். "முதல்ல மாத்திரையைப் போடுங்க, அப்புறம் கேக்குறேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் அந்த அம்மா.

கடைசியில் அந்த அம்மாதான் வழி கண்டுபிடித்தார். சமையலறை ஜன்னலில் ஒரு பழைய குழாய்த் துண்டு உண்டு. உள்ளே சுண்ணாம்பு படிந்து படிந்து, சுண்டுவிரல்கூட நுழையாத அளவுக்கு அடைத்துப்போன வளைவு. வாடிக்கையாளர்களிடம் காட்டி மிரட்டுவதற்காக இவர் வைத்திருந்தது. அதை மேஜையில் டங்கென்று வைத்தார் மனைவி. "கல்லையும் கரைக்கும்னு சொல்றான்ல? இதைக் கரைக்கட்டும். கரைஞ்சா அந்தத் தண்ணியே குடிங்க, நான் வாயைத் திறக்கல. கரையலைன்னா மாத்திரை."

சோதித்துப் பார்க்காமல் எந்த வேலையையும் ஒப்படைக்காதவர், எப்படி மாட்டேன் என்பார்? அடியில் ரப்பர் அடைப்பானைச் செருகி, ஒரு பாட்டில் மருந்தை முழுக்க ஊற்றினார். ஜன்னலில் நிமிர்ந்து நின்றது குழாய். வேலைக்குப் போகுமுன் ஒரு பார்வை, வந்ததும் ஒரு பார்வை. சாயங்கால வெயில் திரைச்சீலைகள் வழியாக வந்து அதன்மேல் விழும்போது இருவரும் காப்பிக் கோப்பையோடு அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். யார் எதை வேண்டிக்கொண்டார்களோ! சில நாளில் எறும்புகள் வந்துவிட்டன. சுவரோரம் வரிசை கட்டி, குழாய்மேல் ஏறி, வேண்டுமட்டும் குடித்து இறங்கின. "எறும்புக்கெல்லாம் இனிமே நெஞ்சு திடமா இருக்கும்" என்றார் மனைவி. அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

பாட்டிலில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டார். "ஒரு பாட்டில் பத்தாது சார், ஃபுல் கோர்ஸ் எடுத்துக்குங்க" என்றாள் ஒரு பெண். "குழாயில ஊத்திப் பார்த்தேம்மா, கரையலையே." "எதுல சார் ஊத்தினீங்க?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள்.

அடைப்பானைப் பிடுங்கிக் கவிழ்த்தார். பழுப்பாக, பிசுபிசுவென்று வழிந்தது. சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார், நுழையவில்லை. சுண்ணாம்பு அப்படியே கல்லாக இருந்தது. "அப்போ என்னோடது எப்படிக் கரையும்?" என்றார், விரலைக்கூடத் துடைக்காமல்.

"உங்களுக்கு அடைப்பு இருக்குன்னு யாரு சொன்னா? டாக்டரம்மா இல்லைன்னுதானே சொன்னாங்க?"

"வெளியிலிருந்து கேட்டுட்டுச் சொல்றாங்க. உள்ள பார்த்தாங்களா?"

"நீங்க மட்டும்?" என்றார் மனைவி. "எந்தச் சுவரை உடைச்சுப் பார்த்துட்டுச் சொல்றீங்க?"

"அது வேற" என்று ஆரம்பித்தார். கோபம்தான் வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போகலாம் என்றால், இது சொந்த வீடு.

"நீங்க மாத்திரையை நிறுத்தினதிலிருந்து நான் நல்லாத் தூங்கலைங்க" என்றார் அந்த அம்மா, மெஷினைப் பார்த்தபடி. "உங்க மூச்சைக் கேட்டுக்கிட்டே கிடக்கிறேன். எனக்குப் பயமா இருக்கு."

இது அவர் காதில் விழுந்தது. எழுந்து போய் ஃபிரிட்ஜ் மேல் கையை விட்டுத் துழாவினார். தூசி படிந்த அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டு, மடக்கென்று தண்ணீர் குடித்தார். பிறகு கம்பியைக் கொண்டுவந்து, பரிசைக் கேட்டு நிற்கும் பிள்ளைபோல நீட்டினார்.

மனைவி அதை வாங்கி, மெஷின்மேல் வைத்துவிட்டார். காதோரத்து முடியை ஒதுக்கிக்கொண்டு அருகில் வந்தார். குனிந்து, அவர் நெஞ்சில் காதையே வைத்தார்.

"கேக்குதா? சீரா வருதா? நடுவுல விட்டுவிட்டு வருதா? இடது பக்கமா கொஞ்சம் கீழ வெச்சுப் பாரேன், எனக்கென்னமோ அங்கதான்..."

கண்ணைத் திறக்காமலேயே அந்த அம்மா சுட்டுவிரலை உயர்த்தினார்.