நதியா சொன்ன ‘ப்ரேகோ’

கல்லூரி முடித்ததும் காஞ்சிபுரத்தில் ஒரு சுற்றுலா அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. தாமலில் எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான் என்பதால் அப்பா தெருவுக்கே இனிப்பு கொடுத்தார். வேலையில் சேர்ந்த முதல் வாரம் இத்தாலியிலிருந்து ஒரு குழு வந்தது. அதற்கு வழிகாட்டியாக வந்தவர்தான் முசரவாக்கத்து நதியா. அதுவரை ஆங்கிலம் பேசுகிறவர்களை மட்டும் அழைத்துப்போனவர். இந்தக் குழு திருப்தியாகத் திரும்பினால் இனி இத்தாலியக் குழுக்கள் எல்லாம் அவருக்கே என்று முதலாளி சொல்லியிருந்தார். அதற்காக நதியா யூடியூப் பார்த்துக் கொஞ்சம் இத்தாலிய மொழி பேசப் பழகியிருந்தார். ‘ப்ரேகோ’ என்றால் ‘ப்ளீஸ்’ என்று அதில் சொன்னார்களாம்.

வருகிறவர்கள் எல்லாருக்கும் தறி பார்க்க வேண்டும். எங்கள் குழுக்களை உள்ளே விடுவது நெசவாளர் கைலாசத்தின் வீடு ஒன்றுதான். அன்று தறியில் முகூர்த்தப் புடவை. குழுவில் ஒரு அம்மாள் தறியில் நீளக் கட்டியிருந்த பாவு இழைகளுக்கு நேரே கையை நீட்டி, தொடலாமா என்பதுபோல் பார்த்தார். தொடாதீர்கள் என்று அவர்கள் மொழியில் சொல்லத் தெரியாத நதியா, கையெடுத்துக் கும்பிட்டு, “ப்ரேகோ, ப்ரேகோ” என்று கெஞ்சினார்.

அந்த அம்மாள் சந்தோஷமாகத் தொட்டார். மோதிரம் சிக்கி இழைகள் அறுந்தன.

கைலாசம் எழுந்துவிட்டார். “இனிமே யாரையும் இட்டுனு வராதம்மா. வேற எங்கனா பாத்துக்க.”

பழியை அந்த அம்மாள்மேல் போட்டிருக்கலாம். நதியா போடவில்லை. குழுவில் கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம் அந்த வார்த்தைக்குப் பொருள் கேட்டார். பிறகு கைலாசத்திடம் வந்தார்.

“அண்ணா, அவங்க மேல தப்பில்ல. நான்தான் தொடச் சொல்லிட்டேன். ப்ளீஸ்னு நெனச்சி சொன்னேன். அவங்களுக்கு அது ‘தாராளமா’ன்னு இருக்குது. உள்ள வாங்க, உக்காருங்க, இன்னா சொன்னீங்க, பரவால்ல, எல்லாத்துக்கும் அந்த ஒரே வார்த்தையாம். நம்ம ‘வாங்க’ மாதிரிண்ணா. விருந்தாளி வந்தாலும் வாங்கன்றோம், பொடவை எடுக்கவும் வாங்கன்றோம்.”

“வாங்கன்னா தொடுன்னு எவன்மா சொன்னான்?”

அறுந்த இழைகளைப் பிணைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி கலைவாணி நிமிராமலே சொன்னார்: “பொண்ணு பாக்க வந்தப்ப எங்கப்பா வாங்கன்னாரு. நீ நேரா அடுப்பாங்கரை வரைக்கும் வந்தியே, அது இன்னாவாம்?”

கைலாசம் தறிக்குழிக்குள் இறங்கிக்கொண்டார். “அடுத்த தபா மோதரத்த கயட்டிட்டு வரச் சொல்லும்மா.”

இப்போது எங்கள் அலுவலகத்து இத்தாலியக் குழுக்கள் எல்லாவற்றுக்கும் நதியாதான் வழிகாட்டி. காலையில் அவர்களைக் கைலாசநாதர் கோயிலுக்கும், பிறகு கைலாசம் வீட்டுக்கும் அழைத்துப்போகிறார்.