பாறை மன்னிப்புக் கேட்கவில்லை

என் பாத்திரத்தின் வாயில் மன்னிப்பைத் திணித்தது நீங்கள்தான். நான் போனை எடுக்க முடியாத ஒரே ஞாயிற்றுக்கிழமையில் செய்தீர்கள்.

குழுவில் இல்லாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். போனில் விளையாடும் ரோல்பிளே குழு அது. முப்பது பேர், ஆளுக்கொரு புராணப் பாத்திரம். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அட்மினான நீங்கள் ஒரு காட்சி போடுவீர்கள். தன் பாத்திரம் என்ன பேசும், என்ன செய்யும் என்று அவரவர் எழுத வேண்டும். ஒருவர் பாத்திரத்துக்கு மற்றவர் எழுதக் கூடாது. அந்த விதியைப் போட்டவரும் நீங்கள்தான்.

நான் எடுத்தது கிரேக்கக் கதையில் வரும் ஒரு தாய். ஏழு மகன், ஏழு மகள் என்று பெருமை பேசினாள். இரண்டே பிள்ளை பெற்ற தெய்வத்துக்குக் கோபம் வந்தது. அந்த இரண்டும் வந்து பதினாலையும் அம்பு விட்டுக் கொன்றன. அவள் அழுதழுது பாறையானாள்.

எட்டு மாதம் அவளை எழுதினேன். பாறைக்கு நான் எங்கேயும் போக வேண்டியதில்லை. எங்கள் மாடியில் நின்றால் கோட்டை மலை. மழை விட்டு இரண்டு நாள் ஆனாலும் பாறை இடுக்கில் நீர் கசிந்துகொண்டே இருக்கும். அதைத்தான் அவள் முகமாக்கினேன். யார் என்ன கேட்டாலும் ஒரு வரிக்கு மேல் பேசமாட்டாள். கண்ணைத் துடைக்கமாட்டாள். பாத்திரக் குறிப்பில் முதல் வரி இது: 'இவள் அழுவாள், மன்னிப்புக் கேட்கமாட்டாள்.' நீங்கள் 'சூப்பர் சிஸ்டர்' என்று பதில் போட்டீர்கள்.

ஏன் அந்த வரி என்று நீங்கள் கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன். என் மகள் ஓட்டப்பந்தயத்தில் கோப்பை வாங்கிய படத்தை ஸ்டேட்டஸில் வைத்தேன். 'என் பொண்ணு மாதிரி யாரும் இல்லை' என்று எழுதினேன். பத்தாம் நாள் காய்ச்சலில் போய்விட்டாள். பிணத்தை எடுப்பதற்கு முன்பே மாமியார் சொன்னார்: "போட்டோ போட்டு ஊரு கண்ணையெல்லாம் இட்டாந்து வுட்டியே, இன்னா ஆச்சி பாத்தியா?"

மேல்மலையனூர் போய் அம்மனிடம் தப்பை ஒப்புக்கொள் என்று நான்கு வருஷமாக வீட்டில் இதே பேச்சு. நான் மறுத்தேன். அந்த ஞாயிறு அமாவாசை. சரி, வீட்டில் சண்டை ஓயட்டும் என்று போனேன். வரிசையில் மாமியார் ஆரம்பித்தார்.

"தப்பாயிடுச்சி தாயேன்னு ஒரு வார்த்த சொல்லேன். வாய் தேஞ்சா போயிடும்?"

"இன்னா தப்பு பண்ணேன் அத்த? எம் பொண்ணு நல்லா ஓடுனான்னு சொன்னதா?"

பின்னால் நின்ற ஒரு பெண் கத்தினாள்: "யம்மா, சண்டைய ஊட்ல போயி வெச்சிக்குங்க. லைன் நவுருது பாரு!"

சன்னதியில் நான் வாய் திறக்கவில்லை. வெளியே வந்ததும் கணவர் எனக்கு முன்னால் விறுவிறுவென்று பஸ்ஸுக்கு நடந்தார். ஸ்பெஷல் பஸ்ஸில் நின்றுகொண்டே போனைத் திறந்தேன். நீங்கள் எழுதியிருந்தீர்கள்: 'பாறை பிளந்தது. என் கர்வத்தை மன்னியுங்கள் என்று அவள் தெய்வத்தின் காலில் விழுந்தாள்.' கீழே மற்றவர்கள் வரிசையாகப் போட்ட ஹார்ட்டின்.

மறுநாள் போன் செய்து கேட்டேன்.

"கத ஒரே எடத்துல நிக்குது சிஸ்டர், எல்லாருக்கும் போரடிக்குது. வெறும் கேம்தான, டென்ஷன் ஆவாதீங்க" என்றீர்கள்.

குழுவில் கேட்டேன். என் கேள்வியை அழித்துவிட்டு, தனியாக ஒரு கும்பிடு பொம்மை அனுப்பினீர்கள்.

என் மாமியார்கூட என்னைச் சொல்லச் சொல்லிக் கெஞ்சினார். எனக்குப் பதிலாக அவரே சொல்லிவிடவில்லை.

தனியாக வந்து ஸாரி சொல்லாதீர்கள், எனக்கு வேண்டாம். வரும் ஞாயிறு ஐந்து மணிக்கு, முப்பது பேரும் பார்க்க, குழுவிலேயே பதில் எழுதுங்கள்: அவள் செய்த தப்பு என்ன?