கொத்து அக்காவின் கார்

எங்கள் லேபில் அவரைக் 'கொத்து அக்கா' என்றுதான் கூப்பிடுவோம். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவோம், அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். காலையில் அவர் மாடிப்படி ஏறும்போதே சாவிக்கொத்துச் சத்தம் கேட்டுவிடும். "ஜெயிலர் வந்தாச்சு, எல்லாரும் வேலையைப் பாருங்க" என்பார் டெலிவரி அண்ணன். கார் சாவியையும் சேர்த்து ஒரே வளையத்தில் பதினான்கு சாவிகள். வேலையில்லாத ஒரு மத்தியானம் நானே எண்ணிப் பார்த்தேன்.

நாங்கள் செய்வது பல் செட். பல் டாக்டர்கள் வாய் அச்சு எடுத்து அனுப்புவார்கள். பிளாஸ்டரில் வார்ப்பது என் வேலை. மெழுகில் பல் அடுக்குவது அக்கா வேலை. ஒரு பல் நூலளவு கோணினாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. கத்தியைச் சூடு பண்ணி மெழுகைத் தொடும்போது அந்தக் கை அசைந்து நான் பார்த்ததே இல்லை. அதே கை சாயங்காலம் நாலு மணிக்குக் கார் சாவியைத் திருப்பும்போது நடுங்கும்.

நடுங்காமல் என்ன செய்யும்? அந்தக் கார் சில நாள் ஸ்டார்ட் ஆகும், சில நாள் ஆகாது. வீட்டில் அவர் கணவர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், அறுபது வயதுக்குள் நினைவு போய்விட்டது. பகலில் துணைக்கு ஒரு அம்மா வருவார். சரியாக நாலு மணிக்குக் கிளம்பிவிடுவார், அவருக்கு இன்னொரு வீட்டில் இன்னொரு நோயாளி. போகும்போது கதவை இழுத்துவிட்டுப் போவார், பூட்டு தானாக விழுந்துகொள்ளும். சாவி இல்லாமல் உள்ளிருந்தும் திறக்க முடியாது, வெளியிலிருந்தும் முடியாது. அக்கா போய்ச் சேர கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரம் மனிதர் உள்ளே தனியாக இருப்பார்.

மாற்றுச் சாவி கிடையாது. இதற்காக நான் அவரோடு சண்டையே போட்டிருக்கிறேன்.

"மாடி வீட்டுல ஒண்ணு குடுத்து வைங்களேன். நல்ல மனுஷங்கதானே?"

"நல்ல மனுஷங்கதான். அன்னிக்கு கேட்டைத் திறந்து போட்டுட்டுப் போனதும் அதே நல்ல மனுஷங்கதான்."

அது இரண்டு வருடத்துக்கு முந்தைய கதை. திறந்த கேட் வழியாக அக்காவின் கணவர் வெளியே போய்விட்டார். மூன்று மணி நேரம் தேடிக் கண்டுபிடித்தபோது பெரிய சாலையின் நட்டநடுவில், இரண்டு பக்கமும் லாரிகள் போக, செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தார். அன்றிலிருந்து அக்காவுக்கு யார்மேலும் நம்பிக்கை இல்லை, பூட்டைத் தவிர. கேட்டுக்குப் பூட்டு, வாசல் கதவுக்குப் பூட்டு, சமையலறைக்கு, மொட்டைமாடிக்கு, மருந்து அலமாரிக்கு. ஒவ்வொரு பயத்துக்கும் ஒரு சாவி வளையத்தில் ஏறியது.

காரை அவர் பார்க்காமல் விட்டார் என்று யாரும் சொல்ல முடியாது. கடைத்தெருக் கோடியில் இருக்கும் மெக்கானிக் தம்பியிடம் ஆறு தடவை கொண்டுபோனார். துணைக்கு நானும் இரண்டு தடவை போனேன். தம்பி தொழில் தெரிந்தவன். பேட்டரி முனையைச் சுரண்டித் துடைத்தான். எர்த் கம்பியைப் புதிதாகப் போட்டான். ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி மேஜைமேல் வைத்து ஓட்டிப் பார்த்தான். மூன்று நாள் வண்டியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, காலை மாலை, வெயிலில் நிழலில் என்று நாற்பது தடவை ஸ்டார்ட் செய்தான். நாற்பது தடவையும் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாதிரி அது கிளம்பியது.

"ஸ்டார்ட் ஆகாதப்போ 'டக்'னு சத்தம் வருதாக்கா?"

"ஒண்ணுமே வராதுப்பா. செத்த மாதிரி இருக்கும்."

"அப்போ நீங்க சாவியைத் திருப்பறது ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேரவே இல்ல. நடுவுல எங்கயோ விட்டு விட்டுப் பிடிக்குது. கம்பி எல்லாத்தையும் ஆட்டிப் பார்த்துட்டேன். சாவி போடற ஸ்விட்சும் நல்லாத்தான் இருக்கு. ஒண்ணு செய்யுங்க, ஸ்டார்ட் ஆகாதப்போ கொண்டு வாங்க."

"ஸ்டார்ட் ஆகலன்னா எப்படிப்பா கொண்டு வர்றது?"

தம்பி தலையைச் சொறிந்தான். நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. அவன் கடைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு பலகை தொங்கும்: 'கார் சாவி மட்டும் தரவும். வீட்டுச் சாவி, பீரோ சாவிக்கு நாங்கள் பொறுப்பல்ல.' யாரோ ஒரு வாடிக்கையாளர் பீரோ சாவி தொலைந்தது என்று கடையில் வந்து கத்திய நாளிலிருந்து அந்தப் பலகை. அக்கா அதைப் பார்த்துத் தலையாட்டுவார். மற்ற சாவிகளை அவர் யாரிடமும் கொடுக்கப்போவதில்லை, பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

அதன் பிறகு நோட்டு ஒன்று போட்டார். வண்டி மக்கர் செய்த தேதி, மழையா வெயிலா, பெட்ரோல் எவ்வளவு, ஜன்னல் திறந்திருந்ததா என்று எல்லாம் எழுதினார். குளித்த சோப்பின் பெயரை மட்டும்தான் எழுதவில்லை. ஒன்றும் பிடிபடவில்லை. எதனால் என்று தெரியாததுதான் அவரை அரித்தது. "தினமும் ஆகலன்னா வித்துத் தொலைச்சுடுவேன்" என்பார். "இது நம்ப வெச்சுக் கழுத்தறுக்குது."

அந்தப் புதன்கிழமை நாலு மணி ஐந்து நிமிடம். ஒரு டாக்டர் அவசரமாகக் கேட்ட செட்டை முடித்துவிட்டு அக்கா கீழே இறங்கினார். என்னைப் பேருந்து நிறுத்தத்தில் இறக்கிவிடுவதாகச் சொல்லியிருந்ததால் நானும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். அவர் சாவியைப் போடும் முன்பே போன் அடித்தது. துணைக்கு வரும் அம்மா. பேருந்துச் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் எனக்கும் கேட்டது.

"அடுப்புல தண்ணி வெச்சேன். அணைச்சேனா இல்லையான்னு ஞாபகம் வரமாட்டேங்குது. சமையல்கட்டைப் பூட்டுனேனான்னும் தெரியல. நான் பஸ் ஏறிட்டேன், கோவிச்சுக்காதீங்க…"

அக்கா சாவியைத் திருப்பினார். ஒன்றுமில்லை. மறுபடி திருப்பினார். டக் என்றுகூடச் சத்தமில்லை. பதிமூன்று சாவிகளும் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஆடி ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. ஐந்தாவது தடவை திருப்பும்போது அவர் பல் தந்தியடிப்பது கேட்டது. உள்ளே மனிதர், எரிகிற அடுப்பு, வெளியிலிருந்து யாராலும் திறக்க முடியாத கதவு, அந்தக் கதவின் சாவி இங்கே. மாடி வீட்டுக்குப் போன் செய்தேன், யாரும் எடுக்கவில்லை. டாக்ஸிக்கு அடித்தால் பத்து நிமிடம் என்றார்கள்.

டெலிவரி அண்ணன் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓடிவந்தார். அவர் வண்டியில் பின் சீட்டு இருக்க வேண்டிய இடத்தில் பல் செட் பெட்டி போல்ட் போட்டு முறுக்கியிருக்கும், யாரும் ஏற முடியாது.

"கொத்தைக் குடுக்கா! நான் முன்னாடி போறேன்."

அக்கா அவரைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. இரண்டு வருடமாகத் தூங்கும்போதுகூடத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்ட கொத்து. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "குடுங்கக்கா!" என்று கத்தினேன். அவர் நகம் பிய்ந்து ரத்தம் வர வளையத்தைப் பிரித்து, கார் சாவியை மட்டும் உருவிக்கொண்டு, மிச்சத்தை அண்ணன் கையில் போட்டார். அண்ணன் பறந்தார்.

அக்கா வெறும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இன்னொரு தடவை போடுங்க" என்றேன். நம்பிச் சொல்லவில்லை, சும்மா இருக்க முடியாமல் சொன்னேன்.

தொட்டதும் கிளம்பியது.

கார் தெரு முனை திரும்பியது. அப்புறம்தான் எனக்குப் பொறி தட்டியது.

"மெக்கானிக்கிட்ட சாவியை எப்படிக் குடுப்பீங்க?"

"கழட்டித்தான்." அவர் சாலையைப் பார்த்தபடியே சொன்னார். பிறகு, "கடவுளே" என்றார்.

பழைய ஸ்விட்ச், தேய்ந்துபோன துவாரம். அத்தனை இரும்பும் தொங்கினால் சாவி கீழே சாய்ந்து முழுதாகத் திரும்பாமல் நின்றுவிடும். கொத்து அவர் முழங்கால்மேல் தங்கிய நாளில் ஸ்டார்ட் ஆகியிருக்கிறது, தொங்கிய நாளில் இல்லை. கணவரைக் காப்பாற்றச் சேர்த்த ஒவ்வொரு சாவியும் அவரை வீட்டுக்குப் போகவிடாமல் இழுத்துப் பிடித்திருக்கிறது. இதைப் பேச அப்போது நேரமில்லை. மூன்று சிக்னலில் ஒன்றுக்கும் அவர் நிற்கவில்லை.

கேட் திறந்து கிடந்தது. வாசல் கதவில் அண்ணன் எட்டாவது சாவியோ ஒன்பதாவது சாவியோ போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், முகமெல்லாம் வேர்வை. கதவிடுக்கில் கருகல் நாற்றம். அக்கா கொத்தைப் பிடுங்கினார், பார்க்காமலே ஒரு சாவியைத் தடவி எடுத்தார். கதவு திறந்தது.

புகைக்கு நடுவே அவர் கணவர் கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தார். இருமி இருமிக் கண் சிவந்திருந்தது. தாழ்ப்பாளைப் பிடித்த கை அதை விடவில்லை. "உள்ள ஒரே புகை" என்று அக்காவிடம் சொன்னார். "அவளைக் கூப்பிடுங்க." அண்ணன் உள்ளே ஓடி அடுப்பை அணைத்தார். தண்ணீர் வற்றிப் பாத்திரம் கருகியிருந்தது, பக்கத்தில் தொங்கிய துணி பாதி கருகிக் கனன்றுகொண்டிருந்தது. இன்னும் ஐந்து நிமிடம் ஆகியிருந்தால் என்ற கணக்கை நான் போடவே இல்லை.

ஜன்னலெல்லாம் திறந்து, அவருக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்த பிறகு அக்கா மேஜைமேல் கொத்தைக் கவிழ்த்து ஒவ்வொரு சாவியாகப் பிரித்தார். மாடி வீட்டு அம்மா கடைக்குப் போய்விட்டு வந்து, புகை நாற்றத்துக்குப் பதறி உள்ளே ஓடிவந்தார். அக்கா வாசல் சாவியை எடுத்தார். எடுத்தவர் நீட்டவில்லை. விரல் மூடிக்கொண்டது.

அக்காவின் கணவர் எழுந்து வந்தார். அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, சாவியை எடுத்து மாடி வீட்டு அம்மாவின் கையில் வைத்தார்.

"இதைப் பத்திரமா வெச்சுக்கங்க" என்றார். "என் வீட்டுக்காரி வர நேரமாச்சுன்னா கதவைத் திறந்து வைங்க. பூட்டியிருந்தா அவ பயந்துடுவா."